ரிப்போர்ட்ல ஸ்டார் இல்லாத அந்த 11.4

கேள்வி: டாக்டர் மேடம் வணக்கங்க. எனக்கு 36 வயசு, வீட்டுக்காரருக்கு 41, பொள்ளாச்சி பக்கம் இருக்கோம். ஆஃபர்ல வருதுன்னு ரெண்டு பேரும் 62 டெஸ்ட் இருக்குற ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜ் எடுத்தோம், காலைல ஆறரைக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டு போனாங்க. எனக்கு தைராய்டுக்கு பார்க்குற டிஎஸ்எச் 4.9னு சிவப்புல ஸ்டார் போட்டு வந்துச்சு, அவங்க ரேஞ்ச் 0.35 - 4.5. பயந்துபோய் பத்து நாள் கழிச்சு இன்னொரு லேப்ல பகல் பதினோரு மணிக்கு குடுத்தேன், அங்க 3.8, நார்மல்னுட்டாங்க, அவங்க ரேஞ்சே 0.5 - 5.0ன்னு இருக்குங்க. ஹீமோகுளோபின் 11.4, அது நார்மல்தான், 11லருந்து 15 வரைக்கும்னு போட்டிருக்கு. வீட்டுக்காரருக்கு லிவர் டெஸ்ட்ல பிலிருபின் 1.4, வெள்ளையணுல ஈசினோஃபில் 7%, ரெண்டுக்கும் ஸ்டார். எஸ்ஜிபிடின்னு இன்னொரு லிவர் டெஸ்ட் 44, அதுக்கு 50 வரைக்கும் இருக்கலாம்னு ஸ்டார் இல்லைங்க. எனக்கு முடி ரொம்ப கொட்டுது, மாடி ஏறினா மூச்சு வாங்குது, எந்நேரமும் அசதி. தைராய்டுதான், மாத்திரை ஆரம்பிச்சிடுன்னு நாத்தனார் சொல்றாங்க. முடிக்குன்னு ஒரு வாரமா பயோட்டின் மாத்திரை போட்டுட்டு இருந்தப்பதான் ரெண்டாவது டெஸ்ட் குடுத்தேன். எந்த லேப் சொல்றது நிஜம்? இந்த நார்மல் ரேஞ்சை யாருங்க முடிவு பண்றாங்க? கடைசியா ஒன்னு, ஃபாஸ்டிங்னா தண்ணி கூட குடிக்கக்கூடாதாங்க? குடிக்காம இருந்து அன்னிக்கு தலை சுத்திடுச்சு.

பதில்: வணக்கம்மா. உங்க ரிப்போர்ட்ல எனக்கு கவலையா இருக்குறது டிஎஸ்எச் இல்ல, நீங்க "அது நார்மல்தான்"னு ஒரே வரியில தாண்டிப் போயிட்டீங்களே அந்த 11.4, அதுதான். ஏன்னு சொல்றேன், ஆனா அதுக்கு உங்க கடைசிக்கு முந்தின கேள்வியிலருந்து ஆரம்பிச்சாதான் புரியும், அதாவது இந்த ரேஞ்சை யார் முடிவு பண்றாங்கன்னு கேட்டீங்கல்ல, அது.

எங்க துறைல இதுக்குன்னு ஒரு முறை இருக்கு. ஆரோக்கியமா இருக்குற ஆட்களா குறைஞ்சது 120 பேரை தேடிப் பிடிக்கணும், ஆணுக்கும் பொண்ணுக்கும் அளவு மாறுற டெஸ்டா இருந்தா ஆண்ல 120, பொண்ணுல 120 தனித்தனியா வேணும். அவங்ககிட்ட பெரிய கேள்வித்தாள் குடுத்து என்ன மருந்து சாப்பிடுறீங்க, சிகரெட் உண்டா, குடிப்பீங்களா, சமீபத்துல காய்ச்சல் வந்துச்சா, மாசமா இருக்கீங்களா, முந்தின நாள் ஜிம்முக்கு போனீங்களான்னு எல்லாம் கேட்டு தகுதி இல்லாதவங்களை கழிச்சிடுவோம். மிச்சம் இருக்குறவங்களை காலைல வெறும் வயித்துல வரச்சொல்லி, கால் மணி நேரம் உட்கார வச்சு, அதுக்கப்புறம்தான் ரத்தம் எடுக்கணும், ஏன்னா நின்னுட்டே இருந்தவங்க ரத்தத்துல இருக்குற நீர் கொஞ்சம் திசுக்களுக்குள்ள இறங்கிடும், அப்ப புரோட்டீன், கால்சியம், ஹீமோகுளோபின் எல்லாமே கொஞ்சம் கூடுதலா காட்டும். கைல கட்டுற ரப்பர் பட்டை ஒரு நிமிஷத்துக்கு மேல இருக்கக்கூடாது, கையை மூடி மூடி திறக்கச் சொல்லக்கூடாது, அப்படி செஞ்சா பொட்டாசியம் ஏறிடும்.

இப்ப 120 பேரோட நம்பர் கைக்கு வந்தாச்சு. குறைஞ்சதுலருந்து கூடினது வரைக்கும் வரிசையா அடுக்குறோம். நடுவுல இருக்குற 95% பேரை ரேஞ்சுக்குள்ள வச்சுக்கிட்டு ரெண்டு ஓரத்துலயும் ரெண்டரை ரெண்டரை சதவீதம் பேரை வெளிய விடணும், அவ்வளவுதான் விதி. 120 பேர் வரிசைல அந்த கோடு எங்க விழும் தெரியுமா, கீழ இருந்து மூணாவது ஆள் மேல, மேல இருந்து மூணாவது ஆள் மேல. உங்க ரிப்போர்ட்ல அச்சடிச்சு கட்டம் கட்டி போட்டிருக்குற நம்பருக்கு பின்னாடி அந்த மாதிரி யாரோ ஒரு மூணாவது ஆள் நிக்கிறார். அவரையே முழுசா நம்ப முடியாது, அந்த கீழ்க்கோடு முதல் ஆளுக்கும் ஏழாவது ஆளுக்கும் நடுவுல எங்க வேணாலும் இருக்கலாம், 90% நம்பிக்கையோட அவ்வளவுதான் சொல்ல முடியும்னு கணக்கே சொல்லுது. 4.5க்கு 4.9 வந்தா சிவப்பு, 4.4 வந்தா கறுப்புன்னு கம்ப்யூட்டர் வெட்டு ஒன்னு துண்டு ரெண்டா போடுது, உடம்புல அப்படி ஒரு கோடே கிடையாது.

இதுல முக்கியமான விஷயம் ஒன்னு இருக்கு, வெளிய விட்ட அந்த 5% பேரும் ஆரோக்கியமானவங்கதான். எல்லா கேள்வியும் கேட்டு கழிச்சு எடுத்தவங்கதானே அவங்களும்? அப்ப ஒவ்வொரு டெஸ்ட்லயும் நல்லா இருக்குறவங்கள்ல 20ல ஒருத்தருக்கு ஸ்டார் விழணும்னு நாமளே தீர்மானம் பண்ணி வச்சிருக்கோம்னு அர்த்தம். ஒருத்தருக்கே 20 டெஸ்ட் எடுத்தா, அதுங்க ஒன்னுக்கொன்னு சம்பந்தமில்லாததா இருந்தா, ஒரு ஸ்டாராவது விழ 64% வாய்ப்பு. 60 டெஸ்ட் எடுத்தா எந்த வியாதியும் இல்லாத ஆளுக்கு சராசரியா 3 ஸ்டார். உங்க வீட்டுக்காரருக்கு 62 டெஸ்ட்ல ரெண்டு, உங்களுக்கு ஒன்னு, கணக்குப்படி பார்த்தா கம்மிதான். சுகர், கொலஸ்ட்ரால் இதுக்கெல்லாம் இந்த கணக்கு செல்லாதுன்னும் சொல்லிடறேன், அங்க போடுற எல்லை இப்படி வரிசை அடுக்கி வந்தது இல்ல, இந்த அளவுக்கு மேல போனா கண்ணு, கிட்னி, இதயம் கெடுதுன்னு பல வருஷம் மக்களை பின்தொடர்ந்து பார்த்து வச்ச எல்லை. வெறும் வயித்து சுகர் 126, மூணு மாச சராசரி சுகரை காட்டுற எச்பிஏ1சி 6.5 எல்லாம் அந்த வகை, அதை "ஒரு ஸ்டார்தானே"ன்னு விடக்கூடாது.

வீட்டுக்காரர் விஷயத்தை முடிச்சிடறேன். பிலிருபின் 1.4, மத்த லிவர் டெஸ்ட்ல பெருசா ஒன்னும் இல்ல, ராத்திரி முழுக்க பட்டினி, பெரும்பாலும் இது கில்பர்ட்னு சொல்ற பிறவி அமைப்பா இருக்கும், நூத்துல அஞ்சு பத்து பேருக்கு இருக்கு, பட்டினி கிடந்தா ஏறும், அதனால கெடுதல் இல்ல. டைரக்ட், இன்டைரக்ட்னு பிரிச்சு பார்த்து இன்டைரக்ட் மட்டும் கூட இருந்தா டாக்டர் அப்படித்தான் எடுத்துக்குவார். ஈசினோஃபில் 7%, தும்மல், அலர்ஜி, பூச்சித் தொந்தரவு இருக்கான்னு கேட்டுக்கங்க, சதவீதத்தை விட மொத்த எண்ணிக்கைதான் முக்கியம், 500க்கு கீழ இருந்தா விட்டுடலாம். ஆனா ஸ்டார் இல்லாத அந்த எஸ்ஜிபிடி 44 இருக்கே, அதுக்கு கீழ வரேன்.

டிஎஸ்எச்ல ரெண்டு லேப்ல எது நிஜம்னா ரெண்டுமே நிஜமா இருக்கலாம். இந்த ஹார்மோன் ராத்திரியிலயும் விடிகாலையிலயும் கூடுதலா இருக்கும், பகல்ல இறங்கும், நீங்க ஒன்னு ஆறரைக்கு, இன்னொன்னு பதினோரு மணிக்கு குடுத்திருக்கீங்க. அதோட ஒவ்வொரு கம்பெனி மெஷினும் கிட்டும் இந்த ஹார்மோனை கொஞ்சம் வேற வேற மாதிரி அளக்குது, அதனாலதான் ரேஞ்சும் வேற வேற, ஒரு லேப் நம்பரை எடுத்து இன்னொரு லேப் ரேஞ்சுல வச்சு பார்க்கவே கூடாது. மூணாவதா அந்த பயோட்டின் மாத்திரை. நிறைய மெஷின்ல டெஸ்ட்டோட வேதிப்பொருள்லயே பயோட்டினை ஒட்டுக்கொக்கி மாதிரி பயன்படுத்துறாங்க, நீங்க மாத்திரையா சாப்பிட்டது ரத்தத்துல நிறைய இருந்தா டிஎஸ்எச் பொய்யா குறைஞ்சு காட்டும், அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ 2017லயே இதுக்கு எச்சரிக்கை விட்டுச்சு. அதனால அந்த 3.8ஐ பார்த்து நிம்மதி ஆகவும் வேணாம், 4.9ஐ பார்த்து மாத்திரை ஆரம்பிக்கவும் வேணாம். பயோட்டினை மூணு நாளாவது நிறுத்திட்டு, ரெண்டு மூணு மாசம் கழிச்சு, முதல் லேப்லயே, காலை நேரத்துலயே, தைராய்டு ஹார்மோனை அளக்குற ஃப்ரீ டி4, தைராய்டு ஆன்டிபாடி இருக்கான்னு பார்க்குற ஆன்ட்டி டிபிஓ ரெண்டையும் சேர்த்து பாருங்க. 10க்கு கீழ இருக்குற டிஎஸ்எச்சுக்கு ஃப்ரீ டி4 சரியா இருந்தா பெரும்பாலும் அவசரமா மாத்திரை தேவைப்படாது. குழந்தைக்கு பிளான் பண்றீங்க, இல்ல நாள் தள்ளிப் போயிருக்குன்னா மட்டும் காத்திருக்காதீங்க, அப்ப எல்லையே வேற, உடனே டாக்டரை பாருங்க.

சரி, 11.4. ரேஞ்சுங்கறது யாரோட ரத்தத்தை எடுத்து அடுக்குனோமோ அவங்களைத்தான் காட்டும், அவ்வளவுதான் அதால முடியும். 1969ல பின்லாந்துல ரால்ஃப் கிராஸ்பெக், நில்ஸ் எரிக் சாரிஸ்னு ரெண்டு பேர் இதைத்தான் சொன்னாங்க, யாரை எடுத்தீங்க, எப்படி எடுத்தீங்கன்னு சொல்லாம வெறும் நம்பரை நார்மல்னு போடாதீங்கன்னு. அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, இன்னும் நம்ம கைக்கு வர்ற ரிப்போர்ட்ல அந்த தகவல் இருக்குறதில்ல.

இப்ப நம்ம ஊர் நிலைமையை வச்சு யோசிங்க. 2019 - 21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வேல 15லருந்து 49 வயசு வரைக்கும் இருக்குற பெண்கள்ல 57% பேருக்கு ரத்தசோகைன்னு வந்துச்சு. அதாவது பாதிக்கு மேல. இந்த பெண்கள் யாரும் படுத்துக்கிடக்கல, தண்ணி தூக்குறாங்க, மில்லுக்கு போறாங்க, பஸ்ல நின்னுட்டே வேலைக்கு போறாங்க, உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்லுவாங்க. அந்த 120 பேரை கேள்வித்தாளை மட்டும் வச்சு இவங்கள்ல இருந்து எடுத்தா, ரத்தசோகை இருக்குற பெண்கள் பாதிக்கு பாதி உள்ள வந்துடுவாங்க, அப்ப கீழ இருந்து மூணாவது ஆளோட ஹீமோகுளோபின் 9, 10ன்னு கூட வந்து நிக்கலாம். அதை "நம்ம ஊர் பெண்களுக்கு இதுதான் நார்மல்"னு அச்சடிச்சா என்ன ஆகும், ரத்தசோகையே ரிப்போர்ட்லருந்து காணாம போயிடும், பெண்கள் உடம்புல மட்டும் அப்படியே இருக்கும். கர்ப்பமா இல்லாத பெண்களுக்கு உலக சுகாதார நிறுவனம் வச்சிருக்குற எல்லை 12, ஆண்களுக்கு 13. உங்க லேப் 11னு போட்டதால உங்களுக்கு ஸ்டார் விழல, மூச்சு வாங்குறதும் முடி கொட்டுறதும் அசதியும் இருந்தும் யாரும் அந்த நம்பரை பார்க்கல. எனக்கு இதுதான் ஆத்திரமா வருது, ஒவ்வொரு தடவையும்.

அதனால முதல் வேலையா உடம்புல இரும்பு இருப்பை காட்டுற ஃபெரிட்டின் டெஸ்ட் ஒன்னு எடுங்க, ஏற்கனவே இருக்குற ரிப்போர்ட்ல எம்சிவின்னு சிவப்பணுவோட சராசரி அளவை சொல்ற ஒரு நம்பர் இருக்கும் அதையும் பாருங்க, 80க்கு கீழ இருந்தா டாக்டர்கிட்ட குறிப்பா சொல்லுங்க, இரும்புச்சத்து குறைவுலயும் குறையும், தலசீமியா டிரெயிட்னு பரம்பரையா வர்ற ரத்த அமைப்பு இருந்தாலும் குறையும், ரெண்டுக்கும் வைத்தியம் வேற. ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் ஸ்டார் இருக்கான்னு பார்க்காதீங்க, ஏன்னா அதுக்கும் இதே கதைதான், சில லேப்ல பெண்களுக்கு 10லருந்தே நார்மல்னு போட்டிருப்பாங்க. 15க்கு கீழன்னா உடம்புல இரும்பு இருப்பே இல்லைன்னு அர்த்தம், 30க்கு கீழ இருந்தாலே உங்களை மாதிரி அறிகுறி இருக்குறவங்களுக்கு நிறைய டாக்டருங்க வைத்தியம் பார்ப்பாங்க. காய்ச்சல், தொற்று இருக்குறப்ப மட்டும் எடுக்காதீங்க, அப்ப ஃபெரிட்டின் பொய்யா ஏறி நிக்கும். இன்னொன்னு நீங்க எழுதல, ஆனா டாக்டர்கிட்ட கூச்சப்படாம சொல்லணும், மாதவிடாய்ல ரத்தப்போக்கு அதிகமா, எத்தனை நாள், எத்தனை பேடுன்னு. இரும்பு மாத்திரையை மட்டும் போட்டுட்டு, ரத்தம் வெளிய போற வழியை அடைக்காம விட்டா மறுபடி அதே இடத்துக்குத்தான் வரும்.

அப்ப வெளிநாட்டு ரேஞ்சையே வச்சுக்கலாமேன்னு கேட்டா அதுவும் சரிப்படாது, அதுக்கு ஒரு வருத்தமான உதாரணம் இருக்கு. மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்ல பெரும்பாலானவங்களுக்கு சிவப்பணு மேல டஃபின்னு ஒரு புரதம் இருக்காது, விவாக்ஸ் மலேரியாலருந்து அது அவங்களை காப்பாத்துது, கூடவே ரத்தத்துல நியூட்ரோஃபில்ங்கற வெள்ளையணு எண்ணிக்கை கொஞ்சம் கம்மியா காட்டும், தொற்று நோயை எதிர்க்குறதுல அவங்களுக்கு ஒரு குறையும் இல்ல. ஐரோப்பிய வம்சாவளி மக்களை வச்சு போட்ட ரேஞ்சு இவங்களை பல வருஷமா குறைபாடு உள்ளவங்கன்னு முத்திரை குத்துச்சு, கேன்சர் மருந்தை குறைச்சு குடுக்குறது, மனநல மருந்து க்ளோசாபின் குடுக்காம விடுறதுன்னு நல்லா இருக்குற ஆட்களுக்கு நஷ்டம் ஆச்சு. அங்க அடுத்தவங்க ரேஞ்சு ஆரோக்கியத்தை வியாதி ஆக்குச்சு, இங்க நம்ம ரேஞ்சு வியாதியை ஆரோக்கியம் ஆக்குது. எங்கிருந்து வந்த ரேஞ்சுங்கறது அப்புறம், உள்ள எடுத்த ஆட்கள் உண்மையிலேயே நல்லா இருந்தாங்களான்னு யார் சோதிச்சாங்கங்கறதுதான் முதல் கேள்வி. ஹீமோகுளோபின் ரேஞ்ச் போடணும்னா ஃபெரிட்டின் பார்த்து கழிக்கணும், டிஎஸ்எச் ரேஞ்ச் போடணும்னா தைராய்டு ஆன்டிபாடி இருக்குறவங்களை கழிக்கணும்.

உங்க வீட்டுக்காரரோட எஸ்ஜிபிடிக்கு நடந்ததும் இதேதான். ரொம்ப வருஷமா ஆண்களுக்கு 40 வரைக்கும் நார்மல்னு இருந்துச்சு. 2002ல இத்தாலில மிலான் நகரத்துல ரத்ததானம் செய்ய வந்தவங்களை எடுத்து, அதுல உடல் எடை, கொலஸ்ட்ரால், ட்ரைகிளிசரைடு, சுகர் எல்லாம் சரியா இருந்தவங்களை மட்டும் வச்சு திரும்ப கணக்கு போட்டாங்க, மேல்கோடு ஆண்களுக்கு 30, பெண்களுக்கு 19ன்னு இறங்கி வந்துடுச்சு. பழைய ரேஞ்சுக்குள்ள கொழுப்பு கல்லீரல் இருக்குறவங்களும் ஆரோக்கியமானவங்கன்னு சேர்ந்து உட்கார்ந்திருந்தாங்க, அவ்வளவுதான் வித்தியாசம். உங்க லேப்ல 50 வரைக்கும்னு இருக்குறதால 44க்கு ஸ்டார் இல்ல. அவருக்கு தொப்பை இருக்கா, குடிப்பழக்கம் உண்டா, வீட்ல சுகர் இருக்கான்னு பார்த்து ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லி கேளுங்க. பயப்படுற நம்பர் இல்ல, ஆனா இப்ப கவனிச்சா நடையிலயும் சாப்பாட்டுலயுமே இறங்கக்கூடிய நம்பர்.

நம்ம நாட்டுல லேப்புங்க பெரும்பாலும் என்ன பண்றாங்கன்னா கிட் பெட்டிக்குள்ள வர்ற பேப்பர்ல கம்பெனிக்காரன் போட்ட ரேஞ்சை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்திடறாங்க. ஒவ்வொரு லேப்பும் 120 பேரை தேடுறது நடக்காத காரியம்தான், அதை குத்தம் சொல்ல மாட்டேன், ஆனா அதுக்கும் ஒரு சுலப வழி இருக்கு, உள்ளூர்ல ஆரோக்கியமான 20 பேரை எடுத்து சோதிச்சு, ரெண்டு பேருக்கு மேல வெளிய போகலைன்னா அந்த ரேஞ்சை வச்சுக்கலாம், போனா திரும்ப 20 பேர் எடுத்து பார்க்கணும். ஒரு மாசத்துல முடியுற வேலை, அதைக்கூட செய்யாத லேப் இருக்கு. நார்டிக் நாடுகள் அஞ்சும் சேர்ந்து 102 லேப், கிட்டத்தட்ட 3000 பேர்னு எடுத்து பொதுவா ஒரே ரேஞ்ச் கொண்டு வந்தாங்க. லேப் மருத்துவத்துக்கான சர்வதேச கூட்டமைப்பு ஐஎஃப்சிசி பல நாடுகள்ல ஒரே முறைல நடத்தின ஆய்வுல இந்தியாவுலருந்து மும்பைல சாம்பிள் எடுத்திருக்காங்க, ஆனா தேங்காயெண்ணெய்ல சமைக்குற ஊரும் கடுகெண்ணெய்ல சமைக்குற ஊரும் இருக்குற நாட்டுக்கு அது ஆரம்பம்தான். லேப்ல ஏற்கனவே குவிஞ்சு கிடக்குற லட்சக்கணக்கான ரிப்போர்ட்லருந்தே நல்லா இருக்குறவங்க கூட்டத்தை கணக்கு மூலமா பிரிச்சு எடுக்குற வழியும் உண்டு, அதுக்கு ரொம்ப காலமா பயன்படுற ஒரு முறையை 1967ல எழுதினவர் பட்டாச்சார்யாங்கற நம்ம நாட்டு ஆள், மீன்களோட நீளத்தை வச்சு வயசு வாரியா பிரிக்க மீன்வள ஆராய்ச்சில இன்னிக்கும் அந்த முறை ஓடுது. அறிவுக்கு பஞ்சம் இல்ல நம்மகிட்ட.

நீங்க செய்யக்கூடியது ஒன்னு இருக்கு. பழைய ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க, ஒரே லேப், ஒரே நேரம்னு வச்சுக்கங்க, உங்களுக்கு நீங்களே ரேஞ்ச். கிட்னிக்கு பார்க்குற கிரியேட்டினின் டெஸ்டை எடுத்துக்கங்க, ஆளுக்கு ஆள் நிறைய மாறும், ஒரே ஆளுக்குள்ள வருஷக்கணக்குல பெருசா மாறாது. வருஷா வருஷம் 0.7 இருந்தவருக்கு திடீர்னு 1.1 வந்தா நிறைய லேப்ல ஸ்டார் விழாது, ஆனா கிட்னிக்கு என்ன ஆச்சுன்னு கேட்க வேண்டிய மாற்றம் அது. நல்ல தசைக்கட்டு உள்ள ஆளுக்கு எப்பவும் 1.3 இருந்து ஸ்டார் விழுந்தா அது அவரோட உடம்பு வாகு, அவ்வளவுதான். டாக்டர்கிட்ட போறப்ப இந்த வருஷ ரிப்போர்ட்டை மட்டும் நீட்டாம போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம் உள்ளதையும் சேர்த்து வைங்க. லேப்ல கேட்கவும் தயங்காதீங்க, இந்த ரேஞ்ச் எங்கருந்து எடுத்தது, எப்ப சரி பார்த்தீங்கன்னு, நல்ல லேப்னா பதில் சொல்லுவாங்க.

தண்ணி தாராளமா குடிக்கலாம்மா, குடிக்கணும். ஃபாஸ்டிங்னா காபி, டீ, பால், ஜூஸ், இளநீர்தான் கூடாது, வெறும் தண்ணி ஒன்னும் பண்ணாது, தண்ணி குடிச்சிருந்தா நரம்பும் சுலபமா கிடைக்கும், மாத்தி மாத்தி குத்த வேண்டியிருக்காது. அடுத்த தடவை எழுந்ததும் ஒரு பெரிய டம்ளர் குடிச்சிட்டே போங்க, ஃபெரிட்டின் ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்க.